கடனும் கடவுளும்
(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



புலமை வாய்ந்தோர் பலர் நம்மிடையே இருக்க, பள்ளி இறுதி வகுப்போடு படிப்பை முடித்துக்கொண்ட ஒரு ரயில்வே குமாஸ்தாவைப் பேசுமாறு பணித்திருக்கிறீர்கள். இலக்கியம் பேச எனக்குத் தகுதி இல்லை. ஆதலால் எனக்கு நன்கு தெரிந்த ஒரு பொருளைப் பற்றியே பேச எண்ணுகிறேன். அப்பொருள் கடன். நீங்கள் நகைக்கிறீர்கள். நகைப்பவர்களுள் பாதிப் பேராவது என்னைப் போலவே ஒவ்வொரு மாதமும் ஐந்தாம் தேதியை எண்ணி அஞ்சுகிறவர்கள் என்பதை நான் அறிவேன்.

2001 ஆம் ஆண்டில், இருபது வயதில், கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து இந்தக் கல்யாண் நகருக்குக் கலாசியாக வந்து சேர்ந்தேன். துறைத் தேர்வு எழுதிக் குமாஸ்தாவானேன். இந்த ரயில்வே காலனியில் பல ஆண்டுகள் குடியிருந்தேன். முப்பது ஆண்டு இங்கே வாழ்ந்த பெரியவர்கள், ஓய்வு பெற்ற சில மாதங்களுக்குள் சாமான்களை லாரியில் ஏற்றிக்கொண்டு, எங்கே போவது என்று தெளியாமல் நின்ற காட்சியை நீங்களும் கண்டிருப்பீர்கள். அந்த நிலை நமக்கு வரலாகாது என்று நானும் என் மனைவியும் உறுதி பூண்டோம்.

கொரோனாக் காலத்தில் மத்திய அரசு ஊழியர்க்கு 2020 ஜனவரி முதல் 2021 ஜூன் வரை பஞ்சப்படி உயர்வு நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது. 2021 ஜூலையில் அது மீண்டும் வந்ததும் நமக்குத் துணிவு பிறந்தது. ரிசர்வ் வங்கியின் ரெப்போ வட்டியும் அப்போது 4 சதவீதமாகத் தாழ்ந்திருந்தது. அவ்வாண்டு டிசம்பரில், ஒரு வங்கியில் 20 லட்சம் ரூபாய் கடன் பெற்று, பத்லாபூரில் ஒரு சிறு வீடு வாங்கினோம். வட்டி 7 சதவீதம். காலம் 20 ஆண்டு. மாதத் தவணை 15,506 ரூபாய். குவார்ட்டர்ஸை விட்டால் கிடைக்கும் வீட்டு வாடகைப்படியையும் கூட்டிப் பார்த்தேன். கணக்குச் சரியாகத்தான் இருந்தது. நான் ஓய்வு பெறும் ஆண்டில் கடன் தீர்ந்துவிடும். திருச்செந்தூர் முருகன் படத்தை முதலில் மாட்டிய பிறகே மற்றச் சாமான்களை உள்ளே கொண்டு சென்றோம்.

நிற்க. நான் வாங்கியது மாறும் வட்டிக் கடன். மாறும் என்பதன் பொருளைக் கையெழுத்திட்ட அன்று நான் சிந்திக்கவில்லை. 2022 மே மாதம் தொடங்கி 2023 பிப்ரவரிக்குள் ரெப்போ வட்டி 4 சதவீதத்திலிருந்து 6.5 சதவீதத்திற்கு உயர்ந்தது. என் வட்டி 9.5 சதவீதமாயிற்று. பழைய தவணையையே செலுத்தி வந்தால் அது முழுவதும் வட்டிக்கே சரியாகிவிடும்; முதலில் ஒரு ரூபாயும் குறையாது. எனவே வங்கி தவணையை உயர்த்தியது. மாதம் 18,650 ரூபாய் அளவு செலுத்த வேண்டியதாயிற்று. அதே காலத்தில் ஊரில் என் தந்தையார் கீழே விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. மகளுக்குக் கல்லூரிக் கட்டணமும் வந்து சேர்ந்தது.

2023 ஆகஸ்டு மாதத் தவணை தவறியது. செப்டம்பரும் தவறியது. அக்டோபரும் தவறியது. வங்கியிலிருந்து கடிதங்கள் வந்தன. இங்கே நான் செய்த ஒரு காரியத்தை வெட்கத்தோடு சொல்கிறேன். அக்கடிதங்களைப் பிரித்தும் பாராமல், பூஜை அலமாரியில் முருகன் படத்திற்குப் பின்னால் செருகி வைத்தேன். மனைவியிடம் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. கிருத்திகை விரதத்தை மட்டும் முன்னிலும் கடுமையாக நோற்றேன். 'எல்லாம் அவன் பார்த்துக்கொள்வான்' என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதைப் பக்தி என்று நம்பினேன்.

ஆயுத பூஜைக்காக அலமாரியைத் துடைக்கும்போது கடிதங்கள் என் மனைவியின் கையில் அகப்பட்டன. அவள் அழவில்லை, ஏசவும் இல்லை. எல்லாவற்றையும் பிரித்துத் தேதி வரிசையாக அடுக்கி வைத்துவிட்டு, ஒன்றே ஒன்று கேட்டாள்: "என்னங்க, சாமி படத்துக்குப் பின்னால வச்சா, சாமிக்குத் தெரியாதுன்னு நினைச்சீங்களா, எனக்குத் தெரியாதுன்னு நினைச்சீங்களா?"

அவையோர்களே, நாற்பது ஆண்டு நான் கேட்ட சொற்பொழிவுகள் எதுவும் அவ்வண்ணம் என் நெஞ்சில் தைத்ததில்லை. நான் முருகனிடம் என் துன்பத்தை ஒப்படைக்கவில்லை. அவன் முதுகுக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன். நான் பக்தி என்று எண்ணியது, அச்சம் நீறு பூசிக்கொண்டு நின்ற கோலமேயன்றி வேறில்லை.

விஜயதசமி கழிந்த மறுநாள் இருவரும் வங்கிக்குச் சென்றோம். போகும் முன் விளக்கேற்றி வணங்கினோம். அன்றுதான் நான் பணம் கேட்டு வேண்டாமல், உண்மையைச் சொல்லும் தைரியம் கேட்டு வேண்டினேன். அங்கிருந்த அதிகாரி பொறுமையாக விளக்கினார். தவணை தவறித் தொண்ணூறு நாளைக் கடந்தால் அக்கடன் வாராக்கடன் கணக்கில் சேரும். அதன் பின் 2002 ஆம் ஆண்டுச் சட்டப்படி வங்கி அறுபது நாள் நோட்டீஸ் கொடுத்து, நீதிமன்றம் செல்லாமலே வீட்டைக் கைக்கொள்ளலாம். எங்களுக்குத் தொண்ணூறு நாள் நிறையப் பத்து நாள்கூட மீதமில்லை.

மனைவியின் இரண்டு வளையல்களை விற்று நிலுவையைத் தீர்த்தோம். கடன் காலத்தை இரண்டு ஆண்டு நீட்டலாமே என்றும் அதிகாரி சொன்னார். கணக்கிட்டுப் பார்த்தோம். மாதத்திற்கு 600 ரூபாய் அளவே குறையும். முடிவில் மூன்று லட்சம் ரூபாய் அளவு மிகுதியாகச் செலுத்த நேரும். "அந்த அறுநூறை நான் மாவு அரைச்சுச் சம்பாதிக்கிறேன்" என்றாள் என் மனைவி. அவ்வாறே செய்தாள். அன்று முதல் விடியற்காலையில் எங்கள் வீட்டில் முதலில் கேட்கும் ஒலி கிரைண்டரின் ஒலிதான். நான் ஸ்கூட்டரை விற்றேன். நிலையத்திற்கு நடந்து செல்கிறேன்.

திருவீழிமிழலையில் பஞ்சம் வந்தபோது, இறைவன் அப்பருக்கும் சம்பந்தருக்கும் நாள்தோறும் படிக்காசு அருளிய வரலாற்றைப் பெரிய புராணம் கூறுகிறது. சம்பந்தர் பெற்ற காசுக்குக் கடைவீதியில் வாசி, அதாவது வட்டம், பிடித்தார்கள். அப்பர் பெற்ற காசு வட்டமின்றிச் செல்லுபடியாயிற்று. காரணம், அப்பர் கையால் உழவாரத் தொண்டு செய்தவர் என்பதாகும். இக்கதையைச் சிறு வயதில் கேட்டபோது, கடவுள் காசு கொடுப்பார் என்பது மட்டுமே என் நினைவில் தங்கியது. இப்போதுதான் அதன் மறுபாதி விளங்குகிறது. கை உழைத்தவன் பெற்ற காசுக்கு வட்டம் இல்லை. நம் தமிழில் கடன் என்னும் சொல்லுக்குக் கடமை என்பதும் பொருள். இறைவன் நம் கடனைத் தீர்க்க வருவதில்லை. நம் கடனைச் செய்ய நம்மை எழுப்பி நிறுத்துகிறான். இது என் அனுபவம்.

நம் காலனிக் குடும்பங்கள் பலவற்றிற்கு இன்று வீட்டுக் கடன் உண்டு. ஆதலால் மூன்று செய்திகளைச் சொல்லி அமர்கிறேன். முதலாவது, வங்கிக் கடிதத்தைப் பிரித்துப் படியுங்கள். கணவன் மனைவி இருவரும் படியுங்கள். இரண்டாவது, உங்கள் உரிமையை அறிந்துகொள்ளுங்கள். வட்டி மாறும்போது, தவணையை உயர்த்துவதா, காலத்தை நீட்டுவதா, இரண்டையும் கலந்து செய்வதா என்று கடன் பெற்றவரைக் கேட்க வேண்டும் என 2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி ஆணையிட்டுள்ளது. தனிமனிதர் பெற்ற மாறும் வட்டி வீட்டுக் கடனில் ஒரு பகுதியை முன்கூட்டிச் செலுத்தினால் அபராதம் கிடையாது. மூன்றாவது, வட்டி இறங்கும்போது தவணையைக் குறைக்க அவசரப்படாதீர்கள். 2025 பிப்ரவரி, ஏப்ரல், ஜூன் மாதங்களில் ரெப்போ வட்டி 6.5 சதவீதத்திலிருந்து 5.5 சதவீதமாக இறங்கியது. நாங்கள் பழைய தவணையையே செலுத்தி வருகிறோம். குறைந்த வட்டியின் மிச்சம் முதலைக் கரைக்கிறது.

என் கடன் தீர இன்னும் பல ஆண்டுகள் உள்ளன. ஐந்தாம் தேதி வந்தால் இன்றும் நெஞ்சு சற்றே அடித்துக்கொள்ளத்தான் செய்கிறது. ஆயினும் முருகன் படத்திற்குப் பின்னால் இப்போது எதுவும் இல்லை. தவணை ரசீதுகளை அவன் முன்னால், விபூதித் தட்டுக்கு அருகில் வைக்கிறோம்.

இந்த அவையில் எவரேனும் கடிதத்தை ஒளித்து வைத்திருப்பின், இன்றிரவே அதை வெளியே எடுக்க வேண்டுகிறேன். படிக்கத் துணை வேண்டுமானால், ஞாயிறுதோறும் மாலையில் நம் சங்க நூலகத்தில் நான் இருப்பேன். மானம் போய்விடும் என்று அஞ்ச வேண்டா. என் கதையை இத்தனை பேர் நடுவே சொல்லிவிட்டேன். என் மானம் போகவில்லை, பாரமே இறங்கியது.



வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!