டிக்கெட் எடுத்துக் கொடுத்தது யார்?

கருத்தரங்கின் இந்தத் தலைமை நாற்காலிக்கு என்னைவிடத் தகுந்தவர்கள் முன்வரிசையிலேயே சிலர் இருக்கிறார்கள். அவர்களில் இருவர் என் கட்டுரைகளை அச்சில் மறுத்தவர்கள். தலைமை உரைக்கு யாரும் எழுந்து பதில் சொல்வதில்லை என்ற மரபை நம்பித்தான் ஒப்புக்கொண்டேன். நேரம் முடிந்தால் சீட்டு அனுப்புங்கள். கொஞ்சம் தாமதமாகப் படிப்பேன்.

அழைப்பிதழில் அச்சிட்டிருக்கும் பொருள், ரயில்வே வழியாக நடக்கும் குழந்தைக் கடத்தலைத் தடுப்பது. இதன் அடிப்படைகளை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம், அதே ஆண்டு ரயில்வே வாரியம் வகுத்த செயல்முறை, அதற்கு 2021இலும் 2024இலும் வந்த திருத்தங்கள், குழந்தைகள் உதவி எண் 1098, இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழு முன்னால் நிறுத்தும் கடமை ஆகிய எல்லாம் உங்களுக்குத் தலைகீழ்ப் பாடம். இன்றும் நாளையும் இவற்றைப் பற்றி நிறையக் கேட்கப் போகிறோம். நான் ஓர் அட்டவணையோடு மல்லுக்கட்ட வந்திருக்கிறேன்.

ரயில்வே பாதுகாப்புப் படையின் 'நன்ஹே ஃபரிஷ்தே' திட்டத்தில் 2018 முதல் 2024 மே வரை மீட்கப்பட்ட குழந்தைகள் 84,119 பேர். பெரிய எண், அதற்குப் பின்னால் இருக்கும் காவலர்களின் உழைப்பை நான் குறைத்துச் சொல்லவில்லை. முதல் ஆண்டான 2018ஐ மட்டும் எடுத்துக்கொள்கிறேன். மீட்கப்பட்டவர்கள் 17,112. அவர்களில் வீட்டைவிட்டு ஓடிவந்தவர்கள் 13,187, காணாமல் போனவர்கள் 2,105. கடத்தப்பட்டவர்கள்? 87. ஆயிரத்துக்கு ஐந்து பேர். இந்த எண்ணைப் பார்த்து இரண்டு விதமாகத்தான் பேச முடியும். நம் ரயில்களில் கடத்தல் அரிது என்று சொல்லி இந்தக் கருத்தரங்கை இப்போதே முடித்துக்கொண்டு சாப்பிடப் போகலாம். அல்லது 13,187 என்ற கட்டத்துக்குள் யார் யாரையெல்லாம் அடைத்திருக்கிறோம் என்று கேட்கலாம். 2022இல் ஆட்கடத்தலுக்கென்றே 'ஆஹட்' என்று தனி நடவடிக்கை தொடங்கினார்கள். நல்லதுதான். ஆனால் ஒரே தண்டவாளத்துக்கு இப்போது இரண்டு கணக்கு. ஒரு பையன் எந்தக் கணக்கில் ஏறுவான் என்பது நடைமேடையில் சில நிமிடப் பேச்சில் முடிவாகிறது.

அந்த முடிவில்தான் எல்லாம் இருக்கிறது. 'ஓடிவந்தவன்' என்று எழுதினால் பெற்றோரைத் தேடிப் பிடித்து ஒப்படைப்பதோடு கோப்பு மூடப்படும். 'கடத்தப்பட்டவன்' என்றால் இருப்புப்பாதை காவல்துறை முதல் தகவல் அறிக்கை போட வேண்டும், ஏஜென்டைத் தேட வேண்டும். முன்பணம் கைமாறியிருந்தால் 1976ஆம் ஆண்டுக் கொத்தடிமை ஒழிப்புச் சட்டப்படி விடுதலைச் சான்றிதழ் தர வேண்டும். அந்தக் கடன் ரத்தாக வேண்டும். ஓடிவந்தவனுக்குச் சான்றிதழ் கிடையாது. முன்பணம் வாங்கிய அதே வீட்டுக்கு அரசுச் செலவில் திரும்புகிறான். கடன் அங்கேயே இருக்கிறது.

நாம் கூடியிருக்கும் வடசென்னையை வைத்தே பார்ப்போம். ஹவுரா, புவனேஸ்வரம், விஜயவாடா பக்கத்திலிருந்து வரும் வண்டிகள் கும்மிடிப்பூண்டி, பொன்னேரி, மீஞ்சூர், எண்ணூர், திருவொற்றியூர், கொருக்குப்பேட்டை வழியாகத்தான் சென்ட்ரலுக்குள் நுழைகின்றன. உதவி மையம், பதாகை, கேமரா எல்லாம் சென்ட்ரலில். ஆனால் கூடூரிலோ சூளூர்ப்பேட்டையிலோ இறங்கி எலெக்ட்ரிக் ட்ரெயின் பிடித்தால் சென்ட்ரலை மிதிக்காமலே கொருக்குப்பேட்டைக்கு வந்துவிடலாம். பேசின் பிரிட்ஜுக்கு முன்னால் சிக்னல் கிடைக்காமல் எக்ஸ்பிரஸ் நிற்கும்போது மூட்டையோடு இறங்கி நடப்பவர்களை இந்தப் பக்கத்து மக்கள் எல்லாரும் பார்த்திருக்கிறார்கள். நான் படித்த ஆய்வுகளில் கொருக்குப்பேட்டை என்ற பெயரே வருவதில்லை.

அங்கிருந்து சௌகார்ப்பேட்டையும் கொண்டித்தோப்பும் எட்டும் தூரம். அங்குள்ள நகைப் பட்டறைகளிலும் பை தைக்கும் கூடங்களிலும் வங்காளத்து, பீகார்ப் பையன்கள் மீட்கப்பட்ட செய்திகளை நாம் படித்துக்கொண்டுதான் இருக்கிறோம். மேற்கே செங்குன்றம் வட்டாரத்துச் செங்கல் சூளைகள். அங்கே ஒடிசாவின் பலாங்கிரிலிருந்து குடும்பம் குடும்பமாக வருகிறார்கள். அந்தக் குழந்தை அப்பா அம்மா மடியிலேயே பயணம் செய்கிறது. எந்தக் காவலருக்கும் சந்தேகம் வராது. முன்பணம் வாங்கியது குடும்பம். டிக்கெட் எடுத்தவர் அவர்களைக் கூட்டிவரும் சர்தார். அந்தக் குழந்தை ஓடிவந்தவர் கட்டத்திலும் இல்லை, கடத்தப்பட்டவர் கட்டத்திலும் இல்லை.

இது வடக்கத்தியர் பிரச்சினை, நம் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் இருக்கிறார்கள் என்று ஒரு மூத்த நண்பர் ஒவ்வொரு கூட்டத்திலும் சொல்கிறார். மதிய உணவும் பள்ளிகளும் செய்த காரியத்தை நானும் மதிக்கிறேன். உசிலம்பட்டிப் பக்கத்துப் பையன்களை முறுக்குக் கம்பெனிக்கென்று சத்தீஸ்கருக்கும் மகாராஷ்டிராவுக்கும் ரயிலேற்றியது எந்த வடக்கத்தியர் என்பதை மட்டும் அவர் ஒருநாள் எழுத வேண்டும்.

இனி என் பழைய வழக்குக்கு வருகிறேன். சிலர் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறீர்கள், தெரிகிறது.

1856 ஜூலையில் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் இதே ராயபுரத்திலிருந்து ஆர்க்காட்டுப் பக்கம் புறப்பட்டது. நான்கு ஆண்டு கழித்து, 1860 அக்டோபரில், சென்னைக் கரையிலிருந்து 'ட்ரூரோ' என்ற கப்பல் 342 பேரோடு தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குக் கிளம்பியது. அப்போது இங்கே துறைமுகம் கிடையாது. மசூலாப் படகில் ஏற்றித்தான் கப்பலுக்குக் கொண்டுபோக வேண்டும். 1911 வரை நேட்டாலுக்குப் போன ஒப்பந்தக் கூலிகள் ஒன்றரை லட்சத்துக்கு மேல். பெரும்பகுதி சென்னையிலிருந்து ஏறியவர்கள். அந்தக் கப்பல் பட்டியல்களில் ஒவ்வொருவருக்கும் ஓர் எண், பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, ஊர், உடம்பிலுள்ள அடையாளம் எல்லாம் இருக்கும். கைக்குழந்தைக்கும் தனி எண் உண்டு. வட ஆர்க்காடு அதில் அடிக்கடி வரும் ஜில்லா. தண்டவாளம் போன திசையும் கூலிகள் வந்த திசையும் ஒன்று. சுரேந்திர பானா 1991இல் அந்தப் பட்டியல்களை வைத்து ஒரு நூலே எழுதினார். நம் ஊர்க் குழந்தைத் தொழிலாளர் ஆய்வாளர்கள் அந்தப் பக்கம் திரும்பியதே இல்லை. அது புலம்பெயர்வு வரலாறாம். நம் துறை இல்லையாம்.

கூலிக் கப்பலையும் இன்றைய ரயிலையும் பக்கத்தில் வைப்பது காலமுரண் என்று முன்வரிசை நண்பர் ஒருவர் எழுதியிருந்தார். மரியாதையோடு மறுக்கிறேன். அந்தப் பட்டியல் குழந்தைகளைக் காப்பாற்றியது என்று நான் எங்கும் சொன்னதில்லை. கரும்புத் தோட்டத்துக்கு ஆள் எண்ணிக்கை தவறாமல் போய்ச் சேரவே அது எழுதப்பட்டது. ஆனால் யார் யாரோடு வந்தார்கள் என்று அதில் பதிந்ததால் இன்றும் அதைக் கேள்வி கேட்க முடிகிறது. 1883ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டத்தில் ஆள் சேர்ப்பவர் உரிமம் வாங்க வேண்டும். சேர்த்த ஆளை உள்ளூர் அதிகாரி முன்னால் பதிய வேண்டும். பொய் எழுதினார்கள், கைரேகை புரட்டினார்கள், எல்லாம் உண்மை. பொய் எழுதவாவது ஓர் இடம் இருந்தது. ஏஜென்டின் பெயருக்கு இன்று நாம் வெளியிடும் பட்டியலில் எந்த இடம் இருக்கிறது?

பயணியின் பெயருக்கே இடமில்லை. 2023 ஜூன் 2 அன்று பாலசோர் அருகே கோரமண்டல் எக்ஸ்பிரஸ் விபத்துக்குள்ளானது நினைவிருக்கும். சென்னைக்கு வந்துகொண்டிருந்த வண்டி. உரிமை கோர யாரும் வராத 28 உடல்களை நான்கு மாதம் கழித்துப் புவனேஸ்வரத்தில் எரித்தார்கள். முன்பதிவில்லாத டிக்கெட்டில் பெயர் கிடையாது. ஐந்து வயதுக்குக் கீழே என்றால் டிக்கெட்டே கிடையாது. 1860இல் கைக்குழந்தைக்கும் எண் போட்ட ஊர் இது.

என் ஆட்சேபம் இன்னொன்று. 'சட்டம் இருக்கிறது, அமல்படுத்துவதில்தான் குறை' என்று நம் கட்டுரைகளில் பாதிக்கு மேல் முடிகின்றன. சட்டத்தைத் திறந்து பார்த்தவர்கள் அப்படி எழுத மாட்டார்கள். ஆட்கடத்தல் குறித்து இந்தியா 2011இல் ஏற்றுக்கொண்ட பாலெர்மோ நெறிமுறைப்படி, சுரண்டலுக்காகக் குழந்தையைச் சேர்த்தாலோ கொண்டுபோனாலோ அதுவே கடத்தல். மிரட்டினார்களா, ஏமாற்றினார்களா என்று கேட்க வேண்டியதில்லை. 2013இல் திருத்திய இந்திய தண்டனைச் சட்டத்தின் 370ஆம் பிரிவிலும் அதன் இடத்துக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 143ஆம் பிரிவிலும் அந்த விலக்கு இல்லை. பத்து வயதுப் பையனுக்கும் மிரட்டலோ ஏமாற்றோ ஆசைகாட்டலோ நிரூபிக்கப்பட வேண்டும். நடைமேடையில் நிற்கும் காவலர் 'நானாகத்தான் வந்தேன்' என்று சொல்லும் பையனை ஓடிவந்தவன் என்று எழுதாமல் வேறெப்படி எழுதுவார்? 2018இல் மக்களவை நிறைவேற்றிய ஆட்கடத்தல் மசோதாவும் மாநிலங்களவைக்குப் போய்ச் சேராமல் காலாவதியானது.

பழைய சட்டத்துக்கு வேறொரு கண் இருந்தது. 1937இல் ஜெனீவாவில் சர்வதேசத் தொழிலாளர் மாநாட்டில் ஒரு விதி இந்தியாவுக்கென்று தனியாகச் சேர்க்கப்பட்டது. அடுத்த ஆண்டே குழந்தைகள் வேலைச் சட்டம் வந்தது. பதினைந்து வயது நிறையாதவர்களை எங்கே வேலைக்கு வைக்கக் கூடாது என்று அது முதலில் சொன்ன இரண்டு இடங்கள் ரயில்வேயும் துறைமுகமும். வடசென்னையை மனதில் வைத்து எழுதியதைப் போலவே இருக்கும். தீப்பெட்டித் தொழிலும் அதன் அட்டவணையில் உண்டு. தீப்பெட்டித் தொழிற்சாலையின் பெயரைத் தாங்கிய விம்கோ நகர்க்காரர்களுக்கு அதை விளக்க வேண்டாம். அந்தச் சட்டத்தை யாரும் ஒழுங்காகப் பின்பற்றவில்லை என்று நண்பர்கள் சொல்வார்கள். சரி. ஆனால் அது வேலை கொடுத்தவரைத் தேடியது. நாம் பையனைத் தேடிப் பிடித்து, அவன் மனநிலையைக் குறித்துக்கொண்டு, ராயபுரத்து அரசு இல்லம் போன்ற ஓர் இடத்துக்கு அனுப்புகிறோம். 2020 ஜூனில் அந்த இல்லத்துக் குழந்தைகள் 35 பேருக்குக் கொரோனா வந்து உச்ச நீதிமன்றம் அறிக்கை கேட்டபோதுதான் பலருக்கு அப்படியோர் இல்லம் இருப்பதே தெரிந்தது. அந்தப் பையன்கள் எந்தப் பட்டறைக்காக ஊரைவிட்டு வந்தார்கள் என்று அப்போதும் யாரும் கேட்கவில்லை.

ஆகவே இந்த அவை தீர்மானம் ஏதும் போடுவதாக இருந்தால், புதிய இயக்கமும் புதிய பெயரும் வேண்டாம் என்பேன். மீட்புக் கணக்கு வெளியாகும்போது ஒவ்வொரு குழந்தைக்கும் மூன்று விவரம் சேர வேண்டும்: டிக்கெட்டுக்குப் பணம் கொடுத்தவர் யார், வீட்டில் முன்பணம் வாங்கினார்களா, எந்த இடத்துக்குப் போகச் சொன்னார்கள். இது தனியுரிமைக்கு எதிரானது என்று முன்வரிசையில் ஒரு முணுமுணுப்புக் கேட்கிறது. பெயரை வெளியிடச் சொல்லவில்லை, எண்ணிக்கையைத்தான் கேட்கிறேன்.

சீட்டு வந்துவிட்டது. முதல் அமர்வின் கட்டுரையை முன்கூட்டியே படித்தேன். மீட்கப்பட்டவர்கள் 2022இல் 17,756, 2023இல் 11,794 என்று காட்டி, விழிப்புணர்வால் கடத்தல் குறைந்துவிட்டது என்கிறார் ஆசிரியர். 2020இல் அந்த எண் 5,011. அந்த ஆண்டு பல மாதம் வண்டி ஓடவில்லை. 2023இல் வண்டிகள் ஓடின. குறைந்தது கடத்தலா, தேடலா? கட்டுரையாளர் மேடைக்கு வந்து இதற்கு முதலில் பதில் சொல்லட்டும்.