குருதியில் தெரியும் குடற்புற்று



பெருங்குடலிலும் மலக்குடலிலும் வரும் புற்றுநோய் பெரும்பாலும் உட்சுவரில் சிறு கட்டியாகத் தோன்றி, பத்தாண்டு அளவு ஓசையின்றி வளர்ந்து, பின்னரே புற்றாகிறது. குடலைத் தாண்டுமுன் கண்டறியப்பட்டோருள் பத்தில் ஒன்பது பேர் ஐந்தாண்டு கடந்தும் வாழ்கின்றனர். கல்லீரல், நுரையீரல் வரை பரவிய பின்னரோ பத்தில் இருவர்கூட இல்லை என்பது அமெரிக்கக் கணக்கு. நம் வீடுகளிலோ மலத்தோடு குருதி கண்டால், மூலம் என்று சொல்லிக் கருணைக்கிழங்கு சமைத்து விட்டுவிடுகிறோம்.

இந்நோயைக் குருதியைக் கொண்டே முன்னறிய இயலுமா? உண்ட உணவை உடல் சிதைத்தும் சேர்த்தும் பயன்கொள்வதை வளர்சிதைமாற்றம் என்கிறோம். அத்தொழிலில் எழும் சிறு மூலக்கூறுகள் பல குருதியில் கலக்கின்றன. புற்றணுவின் சமையல் வேறு. ஆக்சிசன் இருந்தும் அது சர்க்கரையைப் பேரளவில் விழுங்கி லாக்டிக் அமிலமாகக் கழிப்பதைச் செருமானிய அறிஞர் ஆட்டோ வார்பர்க் 1920-களிலேயே கண்டார். அடுப்பு மாறினால் புகையும் மாறுமன்றோ? அப்புகையையே அறிஞர்கள் குருதியில் தேடுகின்றனர்.

சப்பானின் கோபே பல்கலைக்கழக ஆய்வாளர் 2012-இல் வெளியிட்ட ஆய்வு இவ்வகையினது. குருதிநீரில் 2-ஹைட்ராக்சிபியூட்டிரேட், அஸ்பார்டிக் அமிலம், கைனுரெனின், சிஸ்டமின் என்னும் நான்கு பொருள்களின் அளவை ஒரே சமன்பாட்டில் இணைத்தனர். 59 நோயாளரிடமும் 63 நலமுடையோரிடமும் அதைச் சரிபார்த்தபோது, நோயாளருள் 83 விழுக்காட்டினரையும் நலமுடையோருள் 81 விழுக்காட்டினரையும் அது சரியாக இனங்கண்டது. நோய் முற்றாதோரிடமும் ஏறத்தாழ அதே வெற்றி. நெடுநாள் வழக்கிலுள்ள சி.இ.ஏ. சோதனையோ அவர்தம் முதற்குழு நோயாளருள் 35 விழுக்காட்டினரையே காட்டியது.

இங்கே மாணவர்கள் பென்சிலை எடுக்க வேண்டும். நடுவயது கடந்த ஆயிரம் பேருள் ஐவருக்கு நோய் எனக் கொள்வோம். இச்சோதனை நால்வரைக் காட்டிவிடும். ஆனால் நலமாயுள்ள 995 பேருள் 19 விழுக்காட்டினர், அதாவது 189 பேர், வீணே நோயாளர் பட்டியலில் சேர்வர். அத்தனை பேரும் குடல் உள்நோக்கிச் சோதனைக்குச் செல்ல வேண்டும். கூலிவேலை செய்வோர்க்கு, குடலைக் கழுவும் முந்தைய நாளையும் சேர்த்து, இருநாள் கூலி போகும், அச்சத்துக்கோ கணக்கில்லை. முதல்நாள் உணவும், குருதியை வைத்திருந்த வெப்பமுங்கூட இவ்வளவுகளை மாற்றும். எனவே ஊர் முழுவதையும் சோதிக்க அம்முறை இன்னும் பக்குவப்படவில்லை.

இன்று கைக்கெட்டுவது, மலத்தில் மறைந்துள்ள குருதியைக் காணும் எளிய சோதனை. 'மலமா?' என முகம் சுளிப்போர் உண்டு. அந்த முகச்சுளிப்பின் வரலாற்றை நாம் அறிவோம். பிறர் மலத்தை அள்ளும் வேலையைச் சாதி நம்மவர்மீது சுமத்தியது. அதைத் தடுக்க 1993-இலும் 2013-இலும் இருமுறை சட்டம் இயற்ற வேண்டியிருந்தது. தம் மலத்தைத் தாமே குப்பியில் எடுத்து மருத்துவரிடம் தருவதில் நமக்கு என்ன கூச்சம்? குருதி தெரிந்தால் உள்நோக்கிச் சோதனை செய்வர். கட்டி இருப்பின் பெரும்பாலும் அப்பொழுதே கம்பிக் கண்ணியால் அறுத்தெடுப்பர். அமெரிக்காவில் 45 அகவையில் இதைத் தொடங்குகின்றனர். பெற்றோருக்கோ உடன்பிறந்தாருக்கோ இந்நோய் வந்திருப்பின் இன்னும் முன்னரே மருத்துவரைக் கேட்க வேண்டும். கண்ணுக்குத் தெரியவே குருதி போவோர் இச்சோதனைக்கும் காத்திராமல் நேரே மருத்துவமனைக்குச் செல்க.