வெண்கலத்துக்குச் சம்மட்டி எதற்கு?



"சத்தத்துக்குப் பேர்போன சிவகாசிப் பக்கம் குரல்வளத்துக்கு ஒரு கருத்தரங்கா?" என்று அழைப்பிதழைப் பார்த்த நண்பர் கேட்டார். வேறு எங்கே நடத்துவது என்றேன். வெடிக்கும் இடத்திலிருந்து 4 மீட்டர் தள்ளி அளந்தால் 125 டெசிபலைத் தாண்டக் கூடாது என்று பட்டாசுக்காவது விதி இருக்கிறது. அறுபது பிள்ளைகள் முன்னால் கத்துகிற வாத்தியாருக்கு எந்த விதியும் இல்லை.

நான் அப்படிக் கத்தியவன். சிவகாசியில் அச்சகங்கள் நெருக்கிய தெருவில் பல வருடம் பாடம் நடத்தினேன். இயந்திரம் ஓடத் தொடங்கினால் குரல் தானாக ஏறும். இரைச்சலில் பேசுகிறவன் தன்னையறியாமலே குரலை உயர்த்துவான் என்பதை 1911-லேயே எத்தியென் லொம்பார் என்ற பிரெஞ்சு மருத்துவர் எழுதிவிட்டார். அவர் எழுதியதை நான் படிப்பதற்குள் குரல்நாணில் காய்ப்பு விழுந்துவிட்டது.

வாய் திறக்காமல் வீட்டில் கிடந்த நாளில் பார்க்க வந்தார் ஒரு பழைய நாடக ராஜபார்ட் நடிகர். "வெங்கலக் கும்பாவ விரலால தட்டுனாலே கணீர்ங்குமே, அதுக்கு எதுக்குய்யா சம்மட்டி?" என்றார். மருத்துவர் பேச அனுமதித்த பிறகு அவரிடம் போனேன். சொல்லிக்கொடுத்தது ஒன்றே ஒன்று. உதடு மூடியிருக்க வேண்டும், பல்லோடு பல் படக் கூடாது, தாழ்ந்த சுருதியில் 'ம்' என்று இழுக்க வேண்டும். உதட்டிலும் மூக்குத்தண்டிலும் கூச்சம் தெரிய வேண்டும். தொண்டையில் தெரிந்தால் தப்பு. பிறகு, கூச்சம் கலையாமல் அந்த 'ம்'மை 'மா' என்று திறக்க வேண்டும். சொல்வதற்கு எளிது. எனக்கு மூன்று மாதம் பிடித்தது.

இதில் மாயம் ஒன்றுமில்லை. குரல்நாணிலிருந்து உதடுவரை ஆண்களுக்கு ஏறக்குறைய 17 சென்டிமீட்டர். ஒரு முனை மூடி மறுமுனை திறந்த குழாயாகக் கணக்கிட்டால் முதல் ஒத்ததிர்வு 500 ஹெர்ட்ஸ் பக்கம் விழும். நாக்கு, தாடை, உதடு, அண்ணம் எது அசைந்தாலும் குழாயின் வடிவம் மாறும், ஒலியும் மாறும். தேர்ந்த ஆப்பராப் பாடகர்களின் குரலில் 3000 ஹெர்ட்ஸ் அருகே ஆற்றல் குவிவதை ஸ்வீடனின் யோஹான் சண்ட்பெர்க் 1970-களில் விளக்கினார். வாத்தியங்களின் ஓசை மெலிகிற இடம் அது; நம் காது கூர்மையாகக் கேட்கிற இடமும் அதுவே. நாம் 'கணீர்' என்று சொல்வது இதைத்தானா என்று நம் பாடகர்களை வைத்து யாராவது அளந்து சொல்ல வேண்டும்.

தொல்காப்பியர் பிறப்பியலில் உந்தியிலிருந்து எழும் காற்று தலை, மிடறு, நெஞ்சு என மூன்றிடத்தில் நிலைகொள்வதாகச் சொல்கிறார். இன்றைய உடலியல் காற்று நுரையீரலிலிருந்து வருகிறது என்கிறது. ஒன்றைக் கொண்டு மற்றொன்றை மடக்க வேண்டியதில்லை. நெஞ்சு அதிர்வதும் தலை அதிர்வதும் பாடுகிறவன் உணர்வது. உணர்கிற இடம் வேறு, ஒலி உருவாகிற இடம் வேறு. ஆனால் மாணவனுக்கு அடையாளம் காட்ட அந்த உணர்வை விட்டால் ஆசிரியர் கையில் வேறென்ன இருக்கிறது?

குரலையே நம்பி மேடையேறிய நாடக நடிகர் விஸ்வநாததாஸ் 1886-ல் பிறந்தது இதே சிவகாசியில். அவருடைய நாடக வாழ்வில் பெரும்பகுதி ஒலிபெருக்கி வராத காலம். விடிய விடிய நாடகம்; கடைசி வரிசையில் துண்டை விரித்து உட்கார்ந்தவனுக்கும் சொல் சொல்லாகக் கேட்க வேண்டும். தேசியப் பாட்டுக்காகப் பலமுறை சிறை போனார்; சாதியைச் சொல்லி உடன் நடிக்க மறுத்தவர்களையும் பார்த்தார். 1940 டிசம்பர் 31 இரவு சென்னையில், 'வள்ளி திருமண'த்தில் முருகனாக மயில்மேல் அமர்ந்து பாடிக்கொண்டிருந்தபோதே உயிர் பிரிந்தது.

இந்த இடத்தில் நமக்கெல்லாம் கண் கலங்கும். கலங்கட்டும். ஆனாலும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். தாங்கிய தொண்டைகளைப் பற்றி மட்டுமே நாம் பேசுகிறோம். பாய்ஸ் நாடகக் கம்பெனிகளில் மகரக்கட்டு வந்து குரல் உடைந்ததும் பாட்டுப் போய், வேஷம் போய், ஊர் திரும்பிய பையன்களின் கணக்கை யார் எழுதினார்கள்? உடைகிற பருவத்தில் குரலை உச்சத்துக்கு இழுத்த பயிற்சியும் நம் மரபில்தான் இருந்தது. கழுத்தளவுத் தண்ணீரில் நின்று சாதகம் செய்தால் குரல் திறக்கும் என்பதை நான் நம்பவில்லை. விடியற்காலையில் மந்தர ஸ்தாயியில் அகாரம் பிடிப்பதை நம்புகிறேன். தூங்கி எழுந்ததும் குரல்நாண் சற்றுத் தடித்திருக்கும். கீழ்ச்சுரம் வலிக்காமல் இறங்கும். எது மருந்து, எது வீம்பு என்று பிரிப்பதுதான் இந்த இரண்டு நாளும் நம் வேலை. பக்கத்துத் திருவில்லிபுத்தூரில், பாசுரங்களைப் பாடி அபிநயிக்கும் அரையர் சேவை இன்றும் நடக்கிறது. கேட்டறிய ஆட்கள் இருக்கும்போதே போய்க் கேட்க வேண்டும்.

கடைசியாக ஒரு காரியம். உங்கள் முன்னால் அரைத் தம்ளர் தண்ணீரும் ஒரு குழலும் இருக்கின்றன. சின்ன வயதில் பப்பாளி இலைக் காம்பால் தண்ணீரில் குமிழி விட்டிருப்போமே, அதே வேலைதான். வாயைப் பாதி அடைத்து ஒலி எழுப்பினால் முன்னாலிருந்து காற்று திரும்ப அழுத்தும், குரல்நாண்கள் மோதாமல் மெத்தென்று அதிரும் என்பதை இங்கோ டிட்சே என்ற அமெரிக்க ஆய்வாளர் 2006-ல் விரிவாக எழுதினார். பிளாஸ்டிக் குழலுக்கு 2019 முதல் தமிழ்நாட்டில் தடை; அதனால் காகிதக் குழல். சிவகாசி நண்பர்கள் முகர்ந்து பார்க்க வேண்டாம், கடையில் வாங்கியது, வெடிக்குச் சுற்றியதல்ல.

இரண்டு விரற்கடை முக்கி, 'ஊ' என்று மெதுவாக ஊதுங்கள். கன்னம் தளர்ந்திருக்கட்டும், குமிழி சீராக வரட்டும். ஐந்து நிமிடம் போதும். முதல் கட்டுரையாளரும் ஊதி முடித்துவிட்டு மேடைக்கு வரலாம்.