போதையும் அயலும்: தோட்டத்துப் பெண்களின் பக்கமிருந்து

(நூற்றாண்டு விழாவையொட்டிய பழைய மாணவியர் ஒன்றுகூடலில் செயற்குழுவின் சார்பில் ஆற்றிய உரை)



விழா நாளில் பேசுவதற்கு இதைவிட இனிமையான விடயம் இல்லையா என்று சிலர் கேட்டார்கள். உண்டு. வலைப்பந்தாட்டக் கிண்ணங்களையும் விடுதிச் சாம்பாரையும் பற்றி மற்றவர்கள் பேசுவார்கள். நாங்கள் பேச வந்தது, சங்கத்தின் முன் இருக்கும் ஒரு கோரிக்கையைப் பற்றி. குடியாலும் போதையாலும் அல்லலுறும் குடும்பங்களுக்காக, நமது சங்க அறையை வாரத்தில் ஒரு நாள் திறக்கலாமா? கோரிக்கையை வாசித்து முடிப்பதற்குள், "பெண்பிள்ளைகள் படிக்கும் இடத்துக்குப் பக்கத்திலா?" என்ற கேள்வி எழுந்தது. நியாயமான கேள்வி. அதைத் தட்டிக்கழிக்க நாங்கள் விரும்பவில்லை.

இதே கேள்வியை உலகில் வேறு ஊர்கள் இன்னும் கடுமையாகச் சந்தித்திருக்கின்றன. சிட்னியில் கிங்ஸ் குரொஸ் என்ற பகுதியில் 2001 மே மாதம் ஒரு நிலையம் திறக்கப்பட்டது. போதை ஊசி போடுபவர் தன் பொருளைத் தானே கொண்டுவருவார். அங்கே சுத்தமான ஊசி கிடைக்கும். தாதி ஊசி போடமாட்டார். பக்கத்தில் நின்று பார்ப்பார். மூச்சு அடங்கினால் ஒட்சிசன் கொடுப்பார், மாற்று மருந்து கொடுப்பார். கேட்க அருவருப்பாகத்தான் இருக்கும். ஆனால் இத்தனை ஆண்டுகளில் அளவு மீறி மயங்கியவர்கள் பல்லாயிரம் தடவை அங்கே காப்பாற்றப்பட்டிருக்கிறார்கள். அந்த நிலையத்துக்குள் ஓர் உயிர்கூடப் போகவில்லை. அயலுக்கு அம்புலன்ஸ் வரும் தடவைகள் வெகுவாகக் குறைந்தன. தெருவில் கிடந்த ஊசிகளும் குறைந்தன. கனடாவின் வன்கூவரில் 2003இல் திறந்த நிலையத்தைச் சுற்றி 500 மீற்றருக்குள் அளவு மீறிய மரணங்கள் 35 சதவீதம் குறைந்ததாக, 2011இல் லான்செற் மருத்துவ இதழில் ஆய்வு வந்தது. நகரின் ஏனைய பகுதிகளில் குறைந்தது 9 சதவீதமே.

மறுபக்கத்தையும் சொல்லவேண்டும். 2023 ஜூலையில் ரொறன்ரோவில் இப்படியான ஒரு நிலையத்துக்கு அருகே துப்பாக்கிச் சூடு நடந்தது. தெருவால் நடந்துபோன, இரண்டு பிள்ளைகளின் தாய் ஒருவர் இறந்தார். அதன்பின் அயலவரின் அச்சத்தை யாரும் அற்பமாகப் பேச முடியவில்லை. பாடசாலைக்கும் பிள்ளை பராமரிப்பு நிலையத்துக்கும் 200 மீற்றருக்குள் இவை இருக்கக்கூடாது என்று ஒன்ராறியோ அரசு 2024 டிசெம்பரில் சட்டம் செய்தது. அடுத்த மார்ச் முடிவதற்குள் பல நிலையங்கள் மூடப்பட்டன. உயிரைக் காக்கும் இடத்தையே மூடிவிட்டார்கள் என்று ஒரு சாராரும், பிள்ளைகளின் வழி இப்போதுதான் பாதுகாப்பானது என்று மறு சாராரும் இன்றும் வாதிடுகிறார்கள்.

சகோதரிகளே, அந்த 200 மீற்றரை நம் தோட்டத்தில் வைத்து அளந்து பாருங்கள். லயம், கோயில், பிள்ளை மடுவம், பாடசாலை, பிரட்டுக்களம் எல்லாம் ஒரு கூப்பிடு தூரத்துக்குள்தான். "இங்கே வேண்டாம், வேறெங்காவது போகட்டும்" என்று ரொறன்ரோவில் சொல்லலாம். இங்கே அந்த வேறெங்காவது, பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவில் அவன் அம்மாவின் பக்கத்தில்தான்.

இலங்கையில் ஊசி போடுபவர்கள் மிகக் குறைவு. ஹெரோயினைப் பெரும்பாலும் புகையாகவே இழுக்கிறார்கள். நம் மலைகளில் பழைய வில்லன் கசிப்பும் சாராயமும். இப்போது மாத்திரையும் ஐஸும் கொழும்பில் வேலைக்குப் போய் வரும் பையன்களோடு பஸ்ஸேறி வருகின்றன. ஆகவே சிட்னி நிலையத்தை அப்படியே பதுளைக்குக் கொண்டுவரவேண்டும் என்று நாங்கள் சொல்லவில்லை. அங்கே சம்பளத்துக்குத் தாதி செய்யும் வேலையை, இங்கே யார் செய்கிறார்கள் என்றுதான் கேட்கிறோம்.

நம் பெண்கள் செய்கிறார்கள். சம்பள நாள் இரவில் இஸ்தோப்பில் விழுந்து கிடப்பவரை உள்ளே இழுத்துப் போடுவதும், வாந்தி தொண்டையை அடைக்காமல் ஒருக்களித்துப் படுக்கவைப்பதும், மூச்சு வருகிறதா என்று மூக்கருகே கைவைத்துப் பார்ப்பதும் மனைவியோ தாயோ பதினான்கு வயது மகளோதான். விடிந்ததும் அவள் கூடையை மாட்டிக்கொண்டு மலைக்குப் போகவேண்டும். கொழுந்து நிறை குறைந்தால் அரைப் பேர். அதே காம்பராவில் ஒரு பிள்ளை சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கிறது. நம்மில் பலர் அப்படிப் படித்தவர்கள்தான். இதை யாரும் சேவை என்று எழுதி வைத்ததில்லை.

அரசு காட்டும் வழி பெரும்பாலும் பொலிஸ், நீதிமன்றம், பிறகு தூரத்துப் புனர்வாழ்வு முகாம். 2007ஆம் ஆண்டின் 54ஆம் இலக்கச் சட்டம் கட்டாய சிகிச்சைக்கும் இடம் தருகிறது. பொலன்னறுவைப் பக்கக் கந்தக்காட்டு முகாமில் 2022 ஜூனில் ஒருவர் இறந்ததைத் தொடர்ந்து கலவரம் மூண்டு, நூற்றுக்கணக்கானோர் தப்பியோடியது நினைவிருக்கும். அப்படிப் போய்த் திரும்பும் பையன் அதே லயத்துக்குத்தான் வருகிறான். அவனை எப்படி வரவேற்பது என்று தாய்க்கு யார் சொல்லிக்கொடுத்தார்?

தமிழ்நாட்டில் ஒரு பெண் வேறு வழி கண்டார். கணவரைக் குடிக்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன் 1980இல் சென்னையில் ஒரு சிகிச்சை நிலையத்தைத் தொடங்கினார். பின்னர் அந்த நிலையத்தார் மஞ்சக்குடி என்ற கிராமத்துக்கே போய், பதினைந்து நாள் முகாம் நடத்தினார்கள். குடித்தவரை ஊருக்கு வெளியே கொண்டுபோகாமல், சிகிச்சையை ஊருக்குள் கொண்டுவந்தார்கள். வீட்டாருக்கும் பயிற்சி கொடுத்தார்கள். எங்களுக்கு இதுதான் பிடித்திருக்கிறது. கோயில் மண்டபமும் பிள்ளை மடுவமும் இல்லாத தோட்டம் ஊவாவில் ஏது?

இனி நம் அறைக்கு வருவோம். சனிக்கிழமை பிற்பகல் மட்டும். அப்போது பாடசாலை இல்லை. வாசல் வீதிப் பக்கம். பாடசாலை வாயிலால் யாரும் வரமாட்டார்கள். முதல் ஆறு மாதம் குடும்பப் பெண்களுக்கு மட்டும். தாதியராக ஓய்வுபெற்ற நம் அக்காமார் இருவர், மயங்கியவரை எப்படிப் பார்ப்பது, எப்போது வைத்தியசாலைக்குக் கொண்டு ஓடுவது என்று சொல்லிக்கொடுப்பார்கள். வர விரும்பும் ஆண்களைப் பதுளைப் பெரியாஸ்பத்திரியின் மனநலப் பிரிவுக்குக் கூட்டிப்போக ஒருவர் துணை வருவார். யார் வந்தார் என்ற கொப்பி அந்த அறையை விட்டு வெளியே போகாது. வீதியில் சிறு தொல்லை நேர்ந்தாலும் அதிபருக்கு அறிவித்து, அடுத்த கூட்டம்வரை அறையை மூடுவோம்.

வெளிநாட்டுச் சகோதரிகளிடம் நாங்கள் முதலில் கேட்பது பணமல்ல. சிட்னியிலும் ரொறன்ரோவிலும் உங்கள் அயலில் கண்டதை, நல்லதோ கெட்டதோ, எழுதி அனுப்புங்கள். தீர்மானம் அடுத்த பொதுக்கூட்டத்தில் வாக்குக்கு வரும். எதிர்க்கும் அக்காமார் கட்டாயம் வரவேண்டும்; எங்கள் ஏற்பாட்டின் ஓட்டைகளை அவர்கள்தான் முதலில் காண்பார்கள். பசறை, மடுல்சீமைப் பக்கம் கடைசி பஸ்ஸைத் தவறவிடாதபடி கூட்டத்தைக் காலை ஒன்பது மணிக்கே வைத்திருக்கிறோம்.