காக்கைக்கும் இடம் தந்த ஊர் வரலாறு

ஓர் ஊரின் வரலாறு என்றால், அங்கே யார் ஆண்டார்கள், கோயிலை யார் கட்டினார்கள், எந்த நிலம் யாருக்குச் சொந்தம் என்றுதான் பெரும்பாலும் எழுதுவார்கள். இங்கிலாந்தின் பழைய ஊர் வரலாறுகளும் இதற்கு விலக்கல்ல. ஆனால், 1789ஆம் ஆண்டு என அச்சிடப்பட்டு வெளிவந்த ஒரு நூல், காக்கைக்கும் மண்புழுவுக்கும் ஊர் வரலாற்றில் இடம் தந்தது. செல்போர்ன் என்னும் சிற்றூரின் இயற்கையையும் தொன்மையையும் கூறும் நூல் அது. எழுதியவர் கில்பர்ட் வைட் என்னும் பாதிரியார்.

ஹேம்ப்ஷியர் மாவட்டத்திலுள்ள அவ்வூரில் 1720இல் பிறந்தவர் அவர். ஆக்ஸ்ஃபர்ட் பல்கலைக்கழகத்தில் பயின்றவர், ஊருக்கே திரும்பி, 1793இல் அங்கேயே மறைந்தார். தாம் கண்டவற்றைத் தாமஸ் பென்னன்ட், டெய்ன்ஸ் பாரிங்டன் எனும் இரு அறிஞர்களுக்குக் கடிதங்களாக எழுதினார். அவையே பின்னர் நூலாயின.

அதில் ஒரு நிகழ்ச்சி உள்ளத்தை உருக்குவது. ஊரின் அருகே சிறு தோப்பு ஒன்றில் ஓக் மரங்கள் நெடுநெடுவென வளர்ந்திருந்தன. அவற்றுள் ஒன்றின் நடுத்தண்டு பெரிதாகப் புடைத்திருந்தது. அதன்மேல் ஓர் இணை அண்டங்காக்கைகள் ஆண்டுதோறும் கூடு கட்டி வந்தன. ஊர் இளைஞர்கள் எத்தனை முறை ஏறிப் பார்த்தும் அந்தப் புடைப்பைத் தாண்ட முடியவில்லை. மரத்துக்கே 'காக்கை மரம்' என்று பெயர் நிலைத்துவிட்டது.

பிறகு, ஹாம்ப்டன் கோர்ட் அருகே ஒரு பாலத்தைப் பழுதுபார்க்க நீண்ட மரங்கள் தேவைப்பட்டன. தோப்பிலிருந்து 20 மரங்கள், ஒன்று 20 பவுனுக்கு விலைபோயின. தோப்பையே வெட்டிச் சாய்க்கும் நாள் வந்தது. அது பிப்ரவரி மாதம். காக்கை அடைகாக்கும் காலம். ரம்பம் அறுத்தது, ஆப்பு இறங்கியது, மரம் ஆடியது. தாய்ப்பறவையோ கூட்டை விட்டு அசையவில்லை. மரம் சாய்ந்தபோது தூக்கி எறியப்பட்டு, கிளைகளால் அடிபட்டுச் செத்து விழுந்தது.

மரத்தின் விலையைக் கணக்கேடு சொல்லும். அந்தத் தாயின் உயிரை எந்த ஏடு சொல்லும்? வைட் எழுதியதால்தான் இரண்டு நூற்றாண்டுகளுக்குப் பின்னும் அது தெரிகிறது.

பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும் மூன்று வகைக் கதிர்க்குருவிகளை, அவற்றின் பாட்டைக் கேட்டே அவர் பிரித்தறிந்தார். தோட்டக்காரர்கள் வெறுத்த மண்புழு இல்லாவிட்டால் நிலம் இறுகி மலடாகிவிடும் என்று 1777இலேயே எழுதினார். மண்புழுவைப் பற்றிய டார்வினின் நூல் வந்ததோ 1881இல்தான்! வைட் தவறே செய்யாதவர் அல்லர். தகைவிலான்களில் சில, குளிர்காலத்தில் வெளிநாடு போகாமல் உள்ளூரிலேயே ஒளிந்து உறங்கக்கூடும் என்று எண்ணித் தேடியவர்தான். டிமோத்தி என்று பெயரிட்டு அவர் வளர்த்த ஆமை, பெண் ஆமை என்பதும் பின்னாளில்தான் தெரிந்தது.

அவர் சுற்றளவு கண்டு குறித்துவைத்த, தேவாலயத்து யூ மரம் 1990ஆம் ஆண்டுப் புயலில் சாய்ந்தது. அவர் வாழ்ந்த வீடு இன்று அருங்காட்சியகமாக உள்ளது.

தம் ஊரின் கதையை எழுத விரும்புவோர், தலைவர்களின் பெயர்களோடு நிறுத்திவிட வேண்டாம். எந்த மரத்தில் எந்தப் பறவை இருந்தது, அது எப்போது வெட்டப்பட்டது என்பதையும் பெரியவர்களிடம் கேட்டு எழுதி வைக்கட்டும். கேட்காமல் விட்டால், அவர்களோடு அந்தக் கதையும் போய்விடும்.