புழு வளர்க்கும் வீடு குப்பை வளர்க்காது



'வீட்டில் மண்புழு வளர்ப்பது பயனுள்ள பழக்கமா, வீண் வேலையா?' இதுதான் இந்தப் பட்டிமன்றத்தின் தலைப்பு. பயனுள்ள பழக்கமே என்று அடித்துச் சொல்ல வந்திருக்கிறேன்.

எதிரணிச் சகோதரி மூன்று குற்றச்சாட்டுகளை வைத்தார். நாறும் என்றார், நேரம் போகும் என்றார், வாசலுக்கே குப்பை வண்டி வரும்போது இது எதற்கு என்றார். மூன்றுக்கும் பதில் சொல்லிவிட்டுத்தான் உட்காருவேன்.

முதலில் நாற்றம். மண்புழுவுக்கு நுரையீரல் கிடையாது, நடுவர் அவர்களே! அது தோலால் மூச்சு விடுகிறது. தோல் காய்ந்தால் செத்துப்போகும். தொட்டியில் தண்ணீர் தேங்கினாலும் திணறிப்போகும். அந்த ஈரப் பதம் தெரியாதவர் தொட்டிதான் நாறும். பதம் பார்க்க எந்தக் கருவியும் வேண்டாம். ஒரு கைப்பிடி எருவை அள்ளிப் பிழியுங்கள். ஓரிரு சொட்டு கசிந்தால் சரி. ஒழுகினால், காய்ந்த சருகையோ தென்னை நார்க்கழிவையோ சேருங்கள். எலுமிச்சைத் தோல், எண்ணெய், ஊறுகாய், மீன் மிச்சம் எதையும் போடாதீர்கள். அப்புறம் மோந்து பாருங்கள்; கோடை மழை விழுந்த மண்ணின் வாசனைதான் வரும்!

அடுத்தது நேரம். தினமும் காலையில் மாடிக்குப் போய்த் தொட்டி மேல் கிடக்கும் ஈரச் சாக்கைத் தூக்குகிறேன். வெளிச்சம் பட்டதும் புழுக்கள் சரசரவென்று உள்ளே இறங்கும். அவற்றுக்குக் கண் இல்லை. தோலே வெளிச்சத்தை உணர்கிறது. ஓர் ஓரத்தில் குழி பறித்துக் காய்கறித் தோலைப் போட்டு மூடி, தண்ணீர் தெளித்தால் வேலை முடிந்தது. பத்து நிமிடம்!

நானும் தவறு செய்தவன்தான். ஆரம்பத்தில் ஒரு கூடைப் பச்சைச் சாணத்தை அப்படியே கொட்டிவிட்டேன். சாணம் மட்கும்போது சூடேறும் என்று தெரியாது. மறுநாள் காலையில் பார்த்தால், சூடு தாங்காமல் விளிம்பு வரை ஏறி வந்த புழுக்கள் கொத்துக் கொத்தாகச் செத்துக் கிடந்தன. மனசு பதறிவிட்டது. அன்று முதல் சாணத்தைச் சில வாரம் ஆறவைத்துத்தான் போடுகிறேன். என் அடுப்படிக் கழிவை வாங்கிக்கொள்ளும் உயிருக்கு நான் பொறுப்பு என்பதை அந்தக் காலைப் பொழுதுதான் கற்றுத் தந்தது.

மூன்றாவது, குப்பை வண்டி. வண்டி வருகிறது, சரி. எங்கே போகிறது? சென்னைக் குப்பை காலங்காலமாகப் போனது கொடுங்கையூருக்கும் பெருங்குடிக்கும். பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் மேலேயே பெருங்குடிக் குப்பை மலை எழுந்தது. காற்றுப் புகாமல் அழுகும் உணவுக் கழிவிலிருந்து மீத்தேன் வரும். அது எரியும் வாயு. 2022 ஏப்ரல் கடைசியில் பெருங்குடியில் பற்றிய தீ நாள் கணக்கில் எரிந்தது. அந்தப் புகையைச் சுவாசித்தது யார் வீட்டுக் குழந்தைகள்? நம் வாசலைத் தாண்டிவிட்டால் நம் குப்பை இல்லை என்று ஆகிவிடுமா?

வீண் வேலை என்றார்களே! உயிரினங்களின் தோற்றத்தை ஆராய்ந்து உலகின் சிந்தனையையே மாற்றிய சார்லஸ் டார்வின், தன் அறைக்குள் மண் சட்டிகளில் புழு வளர்த்துக் கவனித்தார். 1881-ல் அவர் வெளியிட்ட கடைசி நூலே மண்புழுக்களைப் பற்றியதுதான். அந்த மேதைக்கு வீணாகத் தெரியாத வேலை நமக்கு வீணா?

இரண்டு மாதத்தில் டீத்தூள் போன்ற கறுத்த எரு கையில் கிடைக்கும். நேற்று அரிந்த புடலங்காயின் தோல், நாளைக்குக் கறிவேப்பிலைக் கொழுந்தாகத் துளிர்க்கும். அதைவிடப் பெரிய லாபம் ஒன்று உண்டு. புழு வளர்க்கும் வீட்டில், எதையும் எறியும் முன் கை ஒரு கணம் நிற்கும். இது எங்கே போகும் என்று மனம் கேட்கும். அந்தக் கேள்வி ஒவ்வொரு வீட்டிலும் எழுந்தால் குப்பை மலை வளராது.

ஆகவே, வீட்டில் மண்புழு வளர்ப்பது பயனுள்ள பழக்கமே என்று நடுவர் தீர்ப்பளிக்க வேண்டும். அவையோரே, நீங்களும் வீட்டில் நிழலான ஒரு மூலையில் ஒரு தொட்டி வையுங்கள்.