கதிருக்கும் ஒரு படி வேண்டும்



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம், சி.டி. ஸ்கேன் எடுக்கும்போது நோயாளியின் சரீரத்தில் பாயும் கதிரின் அளவைப் பற்றியதாகும். நாம் வைத்தியம் படித்தவர்களல்ல. ஆனாலும், கால்படி அரிசி வாங்கினால்கூடப் படி சரியா என்று பார்க்கிற நாம், நம் தலைக்குள் பாயும் கதிருக்கு மாத்திரம் அளவு கேட்காமலிருப்பது அறிவுடைமையாகுமா?

யந்திரத்தை நாம் குறை சொல்லவில்லை. 1971-ல் லண்டனில், ஹவுன்ஸ்ஃபீல்டு என்னும் எஞ்சினியர் செய்த யந்திரத்தில்தான் முதல் நோயாளிக்கு இந்தப் படம் எடுக்கப்பட்டது. மண்டையைத் திறக்காமலே மூளையைப் பார்க்க வழி கிடைத்தது. எத்தனையோ உயிர்கள் இதனால் பிழைத்திருக்கின்றன. ஆனால் சாதாரண எக்ஸ்ரேயைவிட இதில் கதிர் மிக அதிகம். கதிர் கூடினால் பிற்காலத்தில் புற்றுநோய் வரும் வாய்ப்பும் சிறிது கூடலாம் என்பதால்தான் அளவு பார்க்க வேண்டியிருக்கிறது.

அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்து ஆஸ்பத்திரி ஒன்றில் நடந்ததைக் கேளுங்கள். மூளையின் இரத்த ஓட்டத்தைப் பார்க்கும் ஸ்கேனுக்காக யந்திரத்தின் அமைப்பை மாற்றினார்கள். அதில் பிசகு நேர்ந்துவிட்டது. 18 மாத காலம், இருநூறுக்கு மேற்பட்டவர்களுக்கு, வேண்டியதைப்போல் உத்தேசம் 8 மடங்கு கதிர் பாய்ந்தது. 2009-ல் ஒரு நோயாளியின் தலைமயிர் உதிர்ந்த பிறகுதான் சங்கதி வெளிவந்தது! யந்திரம் எண்ணைக் காட்டலாம். அதை எந்த எண்ணோடு ஒத்துப் பார்ப்பது என்ற வழக்கமில்லாவிட்டால் அந்த எண்ணால் யாருக்கு என்ன பயன்?

ஒத்துப் பார்க்கத்தான் ஒப்பீட்டு அளவு என்று ஒன்று ஏற்பட்டிருக்கிறது. சர்வதேசக் கதிரியல் பாதுகாப்புக் குழு 1996-ல் இதற்குப் பெயரிட்டு வழிகாட்டியது. ஒரே விதமான ஸ்கேனுக்குப் பல ஆஸ்பத்திரிகள் வழக்கமாகக் கொடுக்கும் அளவைச் சேகரித்து, குறைவிலிருந்து அதிகம் வரை வரிசைப்படுத்துகிறார்கள். நான்கில் மூன்று பங்கு ஆஸ்பத்திரிகள் எந்த அளவுக்குள் அடங்குகின்றனவோ, அங்கே ஒரு கோடு போடுகிறார்கள். அதைத் தாண்டிய ஆஸ்பத்திரி, "ஏன் தாண்டினோம்?" என்று தன்னையே கேட்டுத் திருத்திக்கொள்ள வேண்டும். அமெரிக்கக் கதிரியல் நிபுணர் சபை, பெரியவர்களின் தலைக்கு 75 மில்லிகிரே என்றும், வயிற்றுக்கு 25 மில்லிகிரே என்றும் ஒப்பீட்டு அளவு வைத்தது.

இது தனி மனிதனுக்கு இட்ட எல்லைக்கோடு அல்ல. பருத்த சரீரத்துக்குக் கொஞ்சம் கூடுதலாகத்தான் வேண்டியிருக்கும். கதிரை மிகவும் குறைத்துவிட்டால் படம் தெளிவில்லாமல் போய், மறுபடியும் எடுக்க நேரிடும். ஆகவே கோட்டைக் கண்டு மிரண்டு, அவசியமான ஸ்கேனை வேண்டாமென்பதும் மூடத்தனமே!

பின் நாம் செய்யவேண்டியதென்ன? "இந்த ஸ்கேன் அவசியந்தானா? கதிரில்லாத அல்ட்ராசவுண்டு போதாதா? குழந்தைக்கு ஏற்றபடி அளவு குறைக்கப்பட்டதா? உங்கள் வழக்கமான அளவு ஒப்பீட்டு அளவுக்கு உட்பட்டதா?" என்று மரியாதையாகக் கேட்க வேண்டும். கலிபோர்னியாவில் 2010-ல் சட்டமியற்றி, ஸ்கேனின் கதிர் அளவைப் பதிவு செய்யவேண்டுமென்று கட்டாயப்படுத்தினார்கள். எழுதி வைத்தால்தானே கணக்கு கேட்க முடியும்!

டாக்டரை மதிப்பது வேறு. வாய் மூடிக் கிடப்பது வேறு. நல்ல டாக்டருக்குக் கேள்வியால் கோபம் வராது. சரீரம் நம்முடையது, தோழர்களே; அதில் பாய்வதன் கணக்கைக் கேட்கும் உரிமையும் நம்முடையதே என்று சொல்லி, இம்மட்டோடு நிறுத்திக்கொள்ளுகிறோம்.